ஆடிப்போன படம்

மார்கழி முடிந்து பொங்கலும் போன பிறகுதான் எனக்கு உட்கார நேரம் கிடைக்கும். அப்படி உட்கார்ந்து ஓர் அரங்கேற்றத்தின் படங்களை வடிகட்டி, நிறம் சரிசெய்து, 380 படங்களை அனுப்பி வைத்தேன். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் வாட்ஸ்அப்பில் ஆடிய பெண்ணின் அம்மா. “மேடம், படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. 214 மட்டும் கை ஆடிப்போயிருக்கு. அதை எடுத்துட்டு வேற குடுத்துடுங்க.”

214ஐத் திறந்து பார்த்தேன். முகம் ஊசி முனை மாதிரி துல்லியம். மூக்குத்திக் கல் தனியாகத் தெரிகிறது. இடது கை இடுப்பில் அப்படியே நிற்கிறது. வலது கை மட்டும் முழங்கைக்கு அப்பால் கரைந்து, வளையல் போன வழியெல்லாம் பொன்னிறத்தில் ஒரு வளைவு. அந்த வளைவு முடிகிற இடத்தில் விரல்கள் மறுபடியும் லேசாகத் தெரிகின்றன. கைதவறி விழுந்த படமில்லை. ஷட்டரை 1/15 செகண்டுக்கு இறக்கி, தெரிந்தே எடுத்தது. 380ல் எனக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

“சரிங்க, மாத்திடறேன்” என்று பதில் போட்டேன். காசு கொடுப்பவர் அவர். ஆனால் அந்த வார்த்தை மட்டும் நாள் முழுக்கக் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட வந்த பெண்ணின் கை ஆடிப்போயிருக்கிறது என்று புகார்!

ஸ்டூடியோக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது பழகிய வார்த்தை. கலங்கிய படத்தை அப்பா சாதாரணமாக ‘ஷேக்’ என்பார். கோபம் வந்தால் ‘ஆடிடுச்சு’. கும்பகோணத்தில் அவர் ஸ்டூடியோ நடத்திய இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ‘அசையாதீங்க’ என்பதுதான். கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுதான், மொட்டை அடித்த குழந்தைக்கும் அதுதான். நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் காலை ஆட்டினாலும் அதே தொனியில்தான் சொல்வார்.

அவர் எடுத்து, ஆனால் காசு வாங்காத ஒரு படம் எங்கள் வீட்டில் இருந்தது. 1979ல் எடுத்த கல்யாணக் குரூப் போட்டோ. நாற்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், ஷட்டர் திறந்திருந்த அரை செகண்டில் தலையைத் திருப்பிவிட்டான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சை வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு வெளுப்பு. உற்றுப் பார்த்தால் அதற்குள் மூன்று கண். “ஒருத்தன் ஆடினதுக்கு நாப்பது பேர் போச்சு” என்று அப்பா அந்த பிரிண்ட்டைச் சட்டம் போடாமல் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தார். சின்ன வயதில் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் அப்பா சொன்னபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர்கள். அந்தப் பையன் ஒருவன்தான் அன்றைக்கு அங்கே நிஜமாக இருந்தவன் மாதிரி தெரிவான். பின்னால் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். யார் கூப்பிட்டது என்று கதை கட்டியபடியே எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவருடைய மகள் ஆடுகிறவர்களைப் படமெடுத்துப் பிழைக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது.

பரதநாட்டியம் எடுப்பதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. ரகசியம்கூட இல்லை, தாளம்தான். ஜதி என்கிற தாளச் சொற்கட்டு ஓடி, அதை முடித்துவைக்கும் தீர்மானத்தில் ‘ததிங்கிணதொம்’ மூன்று தரம் வரும். மூன்றாவது ‘தொம்’மில் ஆடுகிறவர் ஒரு நிலையில் வந்து நிற்பார். அந்த ‘தொம்’ காதில் விழுந்த பிறகு பட்டனை அழுத்தினால் கதை முடிந்தது. கேட்டு, மூளைக்குப் போய், விரலுக்கு வர ஐந்தில் ஒரு பங்கு செகண்டாவது ஆகும். அதற்குள் அவர் அடுத்ததற்குக் கிளம்பியிருப்பார். ‘கிண’விலேயே விரல் இறங்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் இது தெரியாமல், பாதி திறந்த வாயும் பாதி மடங்கிய விரலுமாக நூற்றுக்கணக்கில் எடுத்துக் குப்பையில் போட்டேன். நட்டுவாங்கம் செய்யும், அதாவது தாளம் தட்டி ஜதி சொல்லும், ஓர் அக்காதான் கூப்பிட்டுச் சொன்னார்: “நீ கண்ணால பாத்து எடுக்கறே. காதால எடு.”

அப்புறம் பழகிவிட்டது. ஷட்டர் 1/500, வெளிச்சத்தை வாங்கும் ஐஎஸ்ஓ 3200, லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து, தாளத்துக்கு அழுத்தினால் நிலைகள் வரிசையாக வந்து விழும். டீச்சர்களுக்கும் அதுதான் வேண்டும். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, முழங்கை தொங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவர்களுக்குப் படம் என்பது பரீட்சைத்தாள். நியாயம்தான்.

இடையில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வந்தது. முன்வரிசை மாமாக்கள் “டிக் டிக்னு என்னம்மா அது” என்று திரும்பிப் பார்ப்பது நின்றது. ஆனால் அது படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் கை நகர்ந்துவிட்டால் நேரான கை வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். போதாததற்கு சபாக்களில் அந்த ஊதா எல்இடி விளக்கு வேறு. முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அந்த ஊதா விளக்கைக் கண்டுபிடித்தவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

வளைந்த கையைப் பார்க்கும்போதெல்லாம் பிரான்சின் புகைப்படக்காரர் லார்திக் எடுத்த பந்தயக் கார் படம் நினைவுக்கு வரும். 1910களில் எடுத்தது, அப்போது அவர் இருபது வயதுகூட ஆகாத பையன். அந்தக் கால கேமராவிலும் ஒரு சின்ன இடுக்குதான் நெகட்டிவின் மேல் நகர்ந்து போகும். காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பியிருக்கிறார். அதனால் சக்கரம் முட்டை வடிவமாக முன்னால் சாய்ந்துவிட்டது. ரோட்டோரம் நிற்கிறவர்களும் கம்பமும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். காரில் பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. எந்த ஸ்டூடியோவிலும் காசு தரமாட்டார்கள். 1963ல் நியூயார்க்கில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் லார்திக்கை உலகத்துக்குத் தெரிந்தது. வேகம் என்றால் இன்றைக்கும் பலருக்கு அந்தச் சாய்ந்த சக்கரம்தான். கார்ட்டூன் படங்களில் வண்டி கிளம்பும்போது சக்கரம் சாய்வதைப் பாருங்கள், அதே சாய்வு.

நிலைகள் சுலபம். கஷ்டம், நிலைக்கும் நிலைக்கும் நடுவில் இருப்பது.

ஒரு தில்லானாவில் ஒரு பையன் குதித்ததை 1/1000ல் எடுத்தேன். தொழில் கணக்கில் குறையே சொல்ல முடியாது. வியர்வைத் துளிகூட உருண்டையாக நிற்கிறது. ஆனால் அவன் குதிக்கவில்லை, யாரோ அவனைக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள். கால் இரண்டும் காற்றில் இருக்கின்றன, அவ்வளவுதான். மேலே போகிறானா இறங்குகிறானா என்று தெரியவில்லை. அரங்கில் அவன் குதித்தபோது என் பக்கத்தில் இருந்தவர் “ஆஹா” என்றார். அந்த ஆஹா படத்தில் எங்கேயும் இல்லை.

இந்த வருத்தம் எனக்கு மட்டும் வந்ததில்லை, நூற்றைம்பது வருஷமாக இருக்கிறது. 1878 ஜூனில் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் குதிரை ஓடும் பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே நூல் கட்டியிருந்தார். குதிரையின் கால் பட்டு நூல் இழுபட இழுபட, ஒவ்வொரு ஷட்டராக விழுந்தது. ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் அதுவரை வரைந்து வந்ததுபோல, முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டியிருக்கும்போது அல்ல. கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடி மடங்கியிருக்கும்போது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஓவியர் ஜெரிக்கோ 1821ல் வரைந்த குதிரைப் பந்தய ஓவியம் இருக்கிறது. அதில் குதிரைகள் பறவை மாதிரி நீட்டிக்கொண்டு பறக்கும். கேமராவின் கணக்கில் அது தப்பு.

சிற்பி ரோதான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1911ல் வெளிவந்த ஓர் உரையாடலில், ஜெரிக்கோ சொல்வதுதான் சரி, கேமராதான் பொய் சொல்கிறது என்று அடித்துப் பேசுகிறார். அவர் சொல்லும் காரணம் எளிமையானது. நிஜத்தில் காலம் நிற்பதில்லை. நிறுத்திக் காட்டுகிற படத்தில், நடக்கிறவன் திடீரென்று வாதம் வந்து விறைத்தவன் மாதிரி இருக்கிறான். சிற்பி அப்படிச் செய்யமாட்டான். ஒரே உடம்பில் இரண்டு மூன்று நேரங்களைச் சேர்த்து வைப்பான். பாரிஸில் நிற்கும், நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே சிலையை அதற்கு உதாரணம் காட்டுகிறார், 1853ல் பிரான்சுவா ரூட் செய்தது. காலும் உறையைப் பிடித்த இடது கையும் இன்னும் வாளை உருவுகிற நேரத்திலேயே இருக்கின்றன. மார்பு நிமிரத் தொடங்கிவிட்டது. வாளேந்திய வலது கையோ ஏற்கெனவே மேலே போய் ‘முன்னேறு’ என்று கத்துகிறது. கீழிருந்து மேலாகக் கண்ணை ஓட்டினால் நேரம் நகர்கிறது. ரோதான் செய்த புனித யோவான் சிலையும் அப்படித்தான். நடக்கிற மனிதர், ஆனால் இரண்டு பாதமும் முழுக்கத் தரையில். ஹாலில் நடந்து பார்த்து, பாதி அடியில் அப்படியே நின்றும் பார்த்தேன். ஒரு குதிகால் தானாகக் கிளம்பிவிடுகிறது. அந்தச் சிலை மாதிரி யாரும் நடப்பதில்லை. ஆனாலும் அது நடக்கிறது.

கேமராவை வைத்துச் சோறு தின்கிறவளுக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கொடியில் காய்கிற பையனை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

ரோதான் கதையில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1913ல் அவர் நடராஜரைப் பற்றி எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படங்களில்தான் பார்த்தார். அவர் 1917ல் இறந்துபோனார், அந்த எழுத்து 1921ல் அச்சில் வந்தது. கேமரா பொய் சொல்கிறது என்ற மனிதர், ஆட்டத்தின் உச்சத்தைக் கண்டுகொண்டது கேமரா கொடுத்த படத்தில். அந்தப் படங்களை எடுத்தவர் நிம்மதியாக எடுத்திருப்பார். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர், ஆனால் ‘அசையாதீங்க’ என்று சொல்லத் தேவையே இல்லை.

எழும்பூருக்கு நான் கேமரா இல்லாமல்தான் போவேன். கையில் கேமரா இருந்தால் கண் வேலை செய்யாது. திருவாலங்காட்டு நடராஜருக்குச் சுற்றி நிற்கும் நெருப்பு வளையமான திருவாசி இல்லை. மற்ற நடராஜர்களிடம் இரண்டு பக்கமும் பறக்குமே, அந்த விரிசடையும் இல்லை. சுழற்சியைச் சொல்ல சிற்பிக்குக் கைகொடுக்கும் இரண்டு பெரிய சாமான்களும் இல்லாமல் அவர் நிற்கிறார். ஆனாலும் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. குறுக்கே வீசிய இடது கையின் சரிவில் இறங்கினால், அது தூக்கிய பாதத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து முழங்கால், இடுப்பு, உடுக்கை ஏந்திய கை என்று மறுபடி மேலே. ஒரு சுற்று வந்து முகத்துக்குப் போனால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஊர்கோலம் தெருவில் போய்க்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகம். எல்லாம் அசைகிறது, முகம் மட்டும் அசையவில்லை. முகம் அசையாததால்தான் மற்றதெல்லாம் அசைவது தெரிகிறது என்று ஒருநாள் அங்கேயே நின்று தோன்றியது. ஓடும் ரயிலைக் கவனிக்க பிளாட்பாரம் வேண்டுமே, அதுபோல.

214 அங்கிருந்து திருடியதுதான். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அந்தப் படத்துக்கு வருவதற்கு முன்னால் பல வழிகளில் முட்டிக்கொண்டேன். ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர் இருட்டில் ஆடுகிறவர்மேல் ஃபிளாஷை விட்டு விட்டு அடித்து, ஒரே பிலிமில் பத்து இருபது உருவங்களைப் பதித்தார். அந்த ஃபிளாஷ் வித்தை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் சொல்லிக்கொடுத்த எட்ஜர்டனிடமிருந்து வந்தது. ஆப்பிளைத் துளைத்துப் போகும் துப்பாக்கிக் குண்டைப் படமாக்கினாரே, அவர்தான். சரி, நம்மிடமும் ஃபிளாஷில் ‘மல்டி’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே என்று அறைக்குக் கருப்புத் துணி கட்டி, அக்கா மகளை நிறுத்தி, செகண்டுக்குப் பத்து வெட்டு வைத்து எடுத்தேன். பத்துக் கையோடு துர்கை வந்து நின்றாள். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் வாட்ஸ்அப் டிபியாக வைத்துக்கொண்டாள். எனக்கு அதில் எண்ணிக்கைதான் தெரிந்தது, ஆட்டம் தெரியவில்லை. (இதை வைத்துக்கொண்டு கோயில் சிற்பத்தில் பல கைகள் ஏன் என்று விளக்கம் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். அது வேறு கணக்கு.)

உருவத்தை வெட்டி வெட்டி வைப்பதா, இழுத்துக் கரைப்பதா என்று இத்தாலியில் அப்போதே ஒரு சண்டை நடந்திருக்கிறது. பிரகாலியா என்பவர் 1911ல் ஷட்டரைத் திறந்து வைத்து, டைப்ரைட்டரில் ஓடும் கைகளைப் புகை மாதிரி எடுத்தார். வெட்டி வைத்தால் நடுவில் இருப்பது தொலைந்துபோகிறது என்பது அவர் கட்சி. வேகத்தைக் கொண்டாடிய ஓவியர் கூட்டம் அவரைச் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தார். 1913ல் அவர்கள் ‘இந்த ஆளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்று அறிக்கையே விட்டுவிட்டார்கள். அதில் முன்னால் நின்றவர் பொச்சோனி. அதே வருஷம்தான் காற்றைக் கிழித்து நடக்கும் அந்தப் பிரபலமான சிலையைச் செய்தார். இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1916ல் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். நான் பிரகாலியா கட்சி. விலக்கி வைக்கப்பட்டவர்மேல் வரும் பாசமாகவும் இருக்கலாம்.

கரைப்பது ஏமாற்றுவேலை இல்லை என்று எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு சிற்பம். 1919-20ல், உள்நாட்டுப் போரில் எதுவும் கிடைக்காத மாஸ்கோவில், நாவும் காபோ என்பவர் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தினார். அடியில் பழைய மின்சார மணியின் பாகங்கள். சுவிட்சைப் போட்டால் கம்பி அதிர்ந்து, நடுவில் பருத்து இடையில் சிறுத்து, கண்ணாடிக் குடுவை மாதிரி ஓர் உருவம் எழுந்து நிற்கும். சுவிட்சை அணைத்தால் ஒன்றுமில்லை, வெறும் கம்பி. இப்போது லண்டன் டேட் கேலரியில் இருப்பது 1985ல் செய்த பிரதி. அதை 1/1000ல் எடுத்தால் என்ன வரும்? வளைந்த கம்பி வரும். அந்தச் சிற்பமே இருக்காது. மெதுவான ஷட்டரில் மட்டும்தான் அது இருக்கிறது. இதற்காக மாஸ்கோ வரை போக வேண்டியதில்லை, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் போதும். ஓடும் ஃபேனை 1/1000ல் எடுத்துப் பாருங்கள், கரண்ட் போன வீடு மாதிரி இருக்கும்.

இந்த யோசனையில் இருந்தபோதுதான் டிவிக்குப் பக்கத்தில் இருந்த தஞ்சாவூர் நடனப் பொம்மை கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக அங்கேயே இருக்கிறது, தூசி தட்டுவதோடு சரி. தனித்தனித் துண்டுகளாகக் கழற்றலாம். பாவாடையும் காலும் ஒன்று, அதன் உச்சியில் ஒரு கம்பி. அதன்மேல் இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு தொப்பி மாதிரி உட்கார்கிறது. கழுத்தில் இன்னொரு கம்பி, அதன்மேல் தலை. துண்டின் கனமெல்லாம் கம்பி தாங்குகிற இடத்துக்குக் கீழே தொங்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் எத்தனை தரம் தட்டினாலும் விழாது, ஆடி ஆடிப் பழைய இடத்துக்கே வரும். தலை சின்னது, அதற்கு ஒரு வேகம். உடம்பு பெரியது, அதற்கு வேறு வேகம். ஆகவே கழுத்து ஒரு கதை சொல்லும், இடுப்பு ஒரு கதை சொல்லும். சேர்ந்து பார்த்தால் நிஜமாகவே ஒய்யாரமாக இருக்கும்.

வெளிநாட்டில் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பி இதைத்தான் மேலே கட்டித் தொங்கவிட்டார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அப்பாவும் தாத்தாவும் சிற்பிகள். முதலில் மோட்டார் வைத்துத்தான் ஆட்டிப் பார்த்தார். மோட்டார் ஆட்டினது அரைமணியில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. கொலுவில் சிலர் வைக்கும் பேட்டரிக் கிருஷ்ணரை முதல் நாள் பார்ப்போம், மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்தப் பிரச்சினைதான். அப்புறம் மோட்டாரைக் கழற்றிவிட்டு, கம்பியில் தகடுகளைச் சமன் பார்த்துத் தொங்கவிட்டு, மிச்சத்தைக் காற்றிடம் ஒப்படைத்தார். 1931ல் அவற்றுக்கு ‘மொபைல்’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு ஓவியர் துஷாம். இன்றைக்கு அந்தப் பேரைக் கேட்டால் எல்லோரும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். 1955ல் கால்டர் அகமதாபாத்துக்கு சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாக வந்து மூன்று வாரம் தங்கி, அங்கேயே உட்கார்ந்து மொபைல்கள் செய்திருக்கிறார். தஞ்சாவூர் வரைக்கும் வந்து ஒரு பொம்மையை விரலால் தட்டிவிட்டிருக்கலாம்.

பொம்மையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பின்னால் கருப்புத் துணி, பக்கத்தில் ஒரு டேபிள் லேம்ப், ட்ரைபாட், அரை செகண்ட். விரலால் தட்டிவிட்டு ஓடிவந்து அழுத்தினால், மூன்று துண்டும் ஒன்றாகத் தலையாட்டுகின்றன. ஆமாஞ்சாமி போடுகிற கூட்டம் மாதிரி. தட்டின வேகத்தில் அடிப்பாகமும் நகர்ந்து எல்லாமே கலங்கல். அடிக்கு மெழுகு வைத்து ஒட்டினேன். அப்புறமும் சரியில்லை. இரண்டாம் ராத்திரி கால்டர் புத்தி வந்து, விரலுக்குப் பதிலாக மேஜை ஃபேனை எட்டடி தள்ளிச் சுவரைப் பார்த்து வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்பின காற்றில் முதலில் தலை கிளம்பியது. கொஞ்சம் பொறுத்து, இஷ்டமில்லாத மாதிரி, உடம்பு.

மூன்று ராத்திரியில் அறுபது படம் போல எடுத்தேன். ஒன்று தேறியது. பாவாடை சரிகைக்கோடு வரை துல்லியம். உடம்பு லேசாக இரட்டித்திருக்கிறது. தலை ஒரு மஞ்சள் இழுப்பு, ஆனால் அந்த இழுப்பின் இரண்டு ஓரத்திலும் முகம் தெளிவாக இருக்கிறது. இரண்டு சிரிப்பு, நடுவில் புகை. முதலில் எனக்கே புரியவில்லை. அப்புறம் ஊஞ்சலை நினைத்துப் பார்த்தேன். நடுவில் வேகமாகப் போகும், கோடிக்குப் போனதும் ஒரு கணம் தயங்கி நின்று திரும்பும். தயங்குகிற இடத்தில் வெளிச்சம் அதிகம் விழுகிறது, அங்கே முகம் பதிகிறது. ஓடுகிற இடத்தில் கரைகிறது. நான் தாளம் எண்ணி, ‘கிண’வில் விரலை இறக்கி, பதினெட்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த நிலையை, ஷட்டரைத் திறந்து விட்டால் ஆட்டமே தேடிக்கொடுத்துவிடுகிறது. 214ல் அந்த வளைவின் கோடியில் விரல்கள் மறுபடி தெரிந்தனவே, அதுவும் இதேதான். அன்றைக்கு அது எனக்கு அதிர்ஷ்டம் மாதிரி இருந்தது.

பொம்மைப் படத்தை எட்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டு, போன மாதம் ஊருக்குப் போனபோது எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனாலும் பிரிண்ட் என்றால் இன்றைக்கும் ஜன்னல் பக்கம்தான் எடுத்துப் போவார். லேசாகச் சாய்த்து, காகிதத்தின் பளபளப்பு கண்ணில் அடிக்காமல், ரொம்ப நேரம் பார்த்தார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

“தலை ஆடிடுச்சேம்மா.”

“ஆமாப்பா.”

“பாவாடை ஆடலையே.” விரல் நகத்தால் சரிகைக்கோட்டைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் மறுபடி தலைக்குப் போனார். இந்த ஓரத்து முகத்தையும் அந்த ஓரத்து முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எத்தனை செகண்ட்?”

“அரை.”

“ம்” என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.